வேலைக்கு வந்த சனிக்கிழமை

பார்க்கிங் மெஷினை கெர்கோ ஓங்கி ஓர் உதை விட்டான். மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன்தான் ஒற்றைக் காலில் குதித்தான்.

"சனிக்கிழமை பார்க்கிங் ஃப்ரீ பாஸ்! இந்த ஸெகெட் ஊர்ல பொறந்த பச்சைக் குழந்தைக்குக்கூட அது தெரியும்!"

"இன்னிக்கு சட்டப்படி புதன்கிழமை. வாயை மூடிக்கிட்டு காசைப் போடு," என்றாள் வில்மா.

அவளுக்கும் எரிச்சல்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளான புதன்கிழமையை லீவு என்று தாராளமாக அறிவித்த அரசாங்கம், அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையைப் பிடுங்கிக்கொண்டது. வருஷத்தில் இப்படி இரண்டு மூன்று சனிக்கிழமைகள் வேலை நாளாக வேஷம் கட்டும். ஊரில் பாதிப் பேருக்கு அது ஞாபகம் இருக்கும், மீதிப் பேருக்கு இருக்காது. பஸ் புதன்கிழமை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. முக்கில் எண்ணெயில் பொரித்த லாங்கோஷ் ரொட்டி விற்கிற கடைக்காரன் மட்டும் சனிக்கிழமை என்று ஷட்டரை இழுத்துவிட்டான். சுடச்சுட ஒரு லாங்கோஷ் தின்னலாம் என்று காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்டிருந்த வில்மாவுக்கு அவனைக் கைது செய்ய முடியாதா என்றிருந்தது.

"அக்டோபர்லயும் இதே கூத்துதான்," கெர்கோ சில்லறையைத் துழாவினான். "எங்க அக்கா வீட்ல திராட்சை அறுப்பு. சனிக்கிழமைதானேன்னு மார்க்கெட் வாசல்ல வண்டியைப் போட்டுட்டுப் போனேன். திரும்பி வந்தா அபராதம். கேட்டா சீட்டு எழுதின அம்மா சொல்லுது, 'இன்னிக்கு வெள்ளிக்கிழமைக் கணக்கு தம்பி'ன்னு. பதினெட்டாம் தேதி பாஸ். என் பொறந்த நாளை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன்."

"உன் பொறந்த நாளைத்தான் நாங்க எல்லாரும் மறந்துட்டோமே. நட."

போலீஸ் வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறியக் கிளம்பிய ஹனாக் வில்மாவுக்கும் அவள் உதவியாளன் கெர்கோவுக்கும் இப்படி ஒரு கேஸ் இதுவரை வாய்த்ததில்லை. கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது, ஓடிப்போகிற ஆள்கூடக் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு பரிசோதனைக் கூடமும் அதை ஆட்டிவைக்கிற ஒரு கம்ப்யூட்டரும்தான்.

ஆனால் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் போட்ட குலாஷ் குழம்பைச் சாப்பிட்டு வாந்தியெடுத்துச் சுருண்ட குழந்தைகள். குலாஷில் போட்ட பாப்ரிகா மிளகாய்த்தூளில் நிறத்துக்காக ஈயச் செந்தூரம் கலந்திருக்கிறார்கள். மில்காரனைப் பிடித்தால், 'தூள் சுத்தம்' என்று இந்தக் கூடம் அக்டோபரில் கொடுத்த சர்ட்டிஃபிகேட்டைக் கௌரவமாக நீட்டுகிறான். கூடத்தின் அலமாரியில் எடுத்து வைத்திருந்த அதே தூளைத் திரும்பச் சோதித்தால் ஈயம் கொட்டுகிறது. ஆக, பொய் சொன்னது கூடம். கூடத்தில் யார் என்பதுதான் கேள்வி.

டைரக்டர் ஒரு பெயரை ஏற்கெனவே எழுதிவிட்டார். அந்தப் பெயர் கொர்னேல். சாயங்காலம் அவனைப் போலீஸில் ஒப்படைப்பதாகச் சொல்லிவிட்டார். அந்தக் கொர்னேல்தான் வில்மாவின் கட்சிக்காரன்.

*

உள்ளே நுழைந்ததும் குளிர் எலும்பைக் கவ்வியது. வெளியே பரவாயில்லை போலிருந்தது. வெள்ளைக் கோட்டுக்குள் மெல்லிய சட்டையோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நடமாடினார்கள்.

கொர்னேல் கம்ப்யூட்டர் முன்னால் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது, மூன்று நாள் தாடி, ஒருவரையும் பிடிக்காத முகம். வணக்கம் சொல்லவில்லை.

"என் வரிசையில தப்பே கிடையாது," என்றான்.

"நேத்தும் அதைத்தான் சொன்னீங்க."

"நாளைக்கும் அதைத்தான் சொல்வேன்."

"நாளைக்கு ஜெயில்ல சொல்வீங்க," என்றான் கெர்கோ. "அங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்களாம்."

கொர்னேல் அவனை முறைத்தான். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ சொல்வது போல, "நேத்து எங்க வீட்டுக் கதவுல மிளகாய்த்தூளைக் கரைச்சுப் பூசியிருக்காங்க. என் பொண்ணுதான் முதல்ல பார்த்தா," என்றான்.

கெர்கோ தன் ஜோக்குக்காக வெட்கப்பட்டான். வில்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். இரும்பு ஸ்டூல், ஐஸ் கட்டி மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"மறுபடியும் முதல்லேருந்து சொல்லுங்க. எனக்குப் புரியுற மாதிரி."

கூடத்தை நடத்துகிற அந்த மென்பொருளுக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் க்ளாரி நேனி. நேனி என்றால் வயதான டீச்சரைக் கூப்பிடுகிற மரியாதை. அந்த அம்மாள் சொன்னால் சொன்னதுதான், எதிர்த்துப் பேச முடியாது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் வேலையும் அவளுக்கு ஒரு புராஜெக்ட். எந்தச் சாம்பிள் எந்த மெஷினுக்குப் போக வேண்டும், யார் பார்க்க வேண்டும், யார் கையெழுத்துப் போட வேண்டும், சர்ட்டிஃபிகேட் எப்போது கிளம்ப வேண்டும் எல்லாம் அவள் உத்தரவு. அந்த வேலை வரிசைகளை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் கொர்னேல்.

"வார நாள்ல ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டாத்தான் சர்ட்டிஃபிகேட் போகும். வார இறுதிக்குத் தனி வரிசை. அளவு வரம்புக்குள்ள இருந்தா யாரையும் எதிர்பார்க்காம க்ளாரியே அனுப்பிடுவா. அந்த மிளகாய்த்தூள் புராஜெக்ட் வார இறுதி வரிசையில போயிருக்கு. சனிக்கிழமை."

"அன்னிக்கு இங்க யார் இருந்தது?"

"யாரு இருப்பா? சனிக்கிழமை கூடம் பூட்டியிருக்கும். வேலை நாள்ல டைரக்டர் ஆபீஸ்ல திறப்பாங்க, லீவு நாள்ல சாவி என்கிட்ட மட்டும்தான். அதனாலதான் நான் உள்ள வந்து பொய்க் கணக்கு ஏத்தினேன்னு டைரக்டர் சொல்றாரு."

"வந்தீங்களா?"

"பாலட்டோன் ஏரியில மீன் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்!"

"மீன் சாட்சி சொல்லுமா?" என்றான் கெர்கோ, கொஞ்சம் தேறி.

மென்பொருளை விற்ற வெளிநாட்டுக் கம்பெனிக்கு வில்மா போன் போட்டாள். பியானோ வாசித்தார்கள். ரொம்ப நேரம் வாசித்தார்கள். கடைசியில் ஒரு பெண் குரல், இன்று சனிக்கிழமை என்பதால் அலுவலகம் விடுமுறை, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது. வில்மா போனை மேஜையில் வீசினாள். மூன்று நாளாக இதே கதைதான். எந்தக் கதவைத் தட்டினாலும் மெஷின் பதில் சொல்கிறது, எந்த மெஷினைத் தட்டினாலும் கொர்னேல் தன் வரிசையில் தப்பில்லை என்கிறான். ஒரு திருடனைக் கண்ணில் பார்த்தால் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிடுவாள், அவ்வளவு வெறுத்துப்போயிருந்தது.

"இந்த ஹீட்டரை எந்தப் பாவி அணைச்சு வெச்சான்?"

"ரிப்பேரா இருக்கும்," என்றான் கொர்னேல் அலட்சியமாக. "போன மாசம்தான் புதுசா மாட்டினோம். நேத்துகூட சட்டையைக் கழட்டலாம் போல வேர்த்துது."

"ஐயோ, கை ஏன் இப்படி நீலம் பாரிச்சுக் கிடக்கு?"

வாசலில் எமெஷே நின்றாள். கூடத்தின் தரக் கட்டுப்பாட்டுத் தலைவி. கன்னம் சிவந்து, பார்த்தவுடன் மனசு லேசாகிற முகம். வந்தவள் தோளில் தொங்கிய பையிலிருந்து ஒரு கம்பளிச் சால்வையை எடுத்து, கேட்காமலேயே வில்மாவின் தோளில் போர்த்தினாள். ஃபிளாஸ்கிலிருந்து எலுமிச்சைத் தேநீர் ஊற்றினாள். ஒரு டப்பாவைத் திறந்து கெர்கோவிடம் நீட்டினாள். வெண்ணெய் மணக்க மணக்கப் பொகாச்சா பிஸ்கட்டுகள்.

"சாப்பிடு தம்பி. பசியில கண்ணு உள்ள போயிடுச்சு. கொர்னேல், நீயும் எடுத்துக்கோ. சாப்பிடாம இருந்தா மட்டும் கேஸ் போயிடுமா?"

கொர்னேல் தலையை ஆட்டி மறுத்தான். கெர்கோ இரண்டை ஒரே வாயில் போட்டுக்கொண்டு வில்மாவின் காதில் கிசுகிசுத்தான்.

"பாஸ், இந்த அக்கா மேல சந்தேகப்பட்டீங்கன்னா நான் ராஜினாமா."

தேநீர் உள்ளே இறங்கியதும் வில்மாவின் மூளையும் கொஞ்சம் இளகியது. அவள் எழுந்து போய் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தாள். செத்த மீன் மாதிரி சில்லிட்டிருந்தது.

"இதை யார் போடறது, யார் அணைக்கிறது?"

"அதுவும் க்ளாரிதான்," என்றான் கொர்னேல். "ஆள் வர்ற நாள் போடுவா, லீவு நாள்ல அணைச்சுடுவா."

"அப்போ அந்தப் பாட்டியும் லாங்கோஷ் கடைக்காரன் ஜாதிதான்," என்றான் கெர்கோ வாய் நிறைய மாவோடு. "இன்னிக்குச் சனிக்கிழமைன்னு இழுத்துப் பூட்டிட்டா."

வில்மா ரேடியேட்டர் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"கொர்னேல். அந்தச் சர்ட்டிஃபிகேட் என்ன தேதி?"

"அதான் சொன்னேனே. சனிக்கிழமை."

"கிழமையைக் கேட்கல. தேதி!"

"அக்டோபர் பதினெட்டு."

கெர்கோவுக்குப் பொகாச்சா தொண்டையில் அடைத்தது. இருமி, கண்ணில் நீர் முட்ட, கையை உயர்த்தினான்.

"என் அபராதம்! பாஸ், அது என் அபராதம்!"

*

கொர்னேல் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு அவன் லீவு போட்டிருந்தான். லீவு போட்டவனுக்குச் சனிக்கிழமை சனிக்கிழமைதான். அரசாங்கம் அதை வெள்ளிக்கிழமையாக மாற்றியிருந்தது அவன் புத்தியில் ஏறவே இல்லை. இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது மற்றவர்களுக்கும் ஞாபகம் வரவில்லை. வேலைக்கு வந்த சனிக்கிழமையை யார் ஆசையாக நினைவில் வைத்துக்கொள்வார்கள்?

"ஆக, அன்னிக்குக் கூடம் திறந்திருந்தது. ஆளுங்க வந்தாங்க. மெஷின்ல சாம்பிளை வரிசையா அடுக்கினாங்க," என்றாள் வில்மா. "ஆனா க்ளாரி நேனிக்கு அது லீவு நாள். லீவு நாள்ல அந்த ஈயம் அளக்கிற மெஷினை அவ என்ன பண்ண வைப்பா?"

"கழுவ வைப்பா. பக்கத்துக் கேன்லேருந்து சுத்தமான தண்ணியை உறிஞ்சி, மெஷின் அழுக்கில்லாம இருக்கான்னு அளந்து பார்ப்பா."

"அடுக்கி வெச்ச சாம்பிளைத் தொடுவாளா?"

"வார இறுதியில யாரும் அடுக்க மாட்டாங்களே!"

"அடுக்கியிருந்தா?"

கொர்னேல் மெஷினைத் திரும்பிப் பார்த்தான்.

"தொட மாட்டா," என்றான் மெதுவாக. "தண்ணியை அளந்துட்டு, காத்திருக்கிற புராஜெக்ட் எல்லாத்துக்கும் அந்தக் கணக்கையே... ஐயோ."

"அன்னிக்கு வேற என்ன சாம்பிள் இருந்தது? ஈயம் கட்டாயம் இருக்கும்னு தெரிஞ்ச ஏதாவது?"

அவன் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. ஒரு வரியில் நின்றன. அவனிடமிருந்து சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது.

"பழைய பேட்டரி உடைக்கிற மைதானத்து மண். ஈயம்... இல்லை."

"பேட்டரி உடைக்கிற இடத்துல ஈயம் இல்லையா?" கெர்கோ விசிலடித்தான். "அங்க போய் வீடு கட்டிக் குடியிருக்கலாம் போலிருக்கே! இதை ஒருத்தரும் பார்க்கலியா?"

"கெட்ட ரிசல்ட் வந்தாத்தான்டா மனுஷன் சண்டைக்கு வருவான்," என்றாள் வில்மா. "நல்ல ரிசல்ட் வந்தா வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவான். அன்னிக்கு இந்த ஊர் முழுக்கத் தண்ணி மாதிரி சுத்தம். ஏன்னா அளந்ததே தண்ணியைத்தான்."

கொர்னேல் திடீரென்று மேஜையைக் குத்தினான்.

"ஆனா இதைத்தான் சரி பண்ணியாச்சே! நம்ம ஊர் வேலைச் சனிக்கிழமை க்ளாரிக்குத் தெரியாதுன்னு கம்பெனிக்கு எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு. போன வசந்தத்துல சரி பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம்தான் அந்த நாள்லயும் தைரியமா சாம்பிள் அடுக்க ஆரம்பிச்சோம்."

"சரி பண்ணிட்டாங்கன்னு யார் சொன்னது?"

"எமெஷேதான். சோதிச்சுப் பார்த்து எல்லாருக்கும் சொன்னாங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எமெஷேயின் கண்கள் நிறைந்துவிட்டன.

"கம்பெனிக்காரங்க சரியாயிடுச்சுன்னாங்க. நானும் மேலோட்டமாப் பார்த்துட்டு நம்பிட்டேன். எப்படிப்பட்ட முட்டாள் நான்! கொர்னேல், என்னை மன்னிச்சுடுப்பா. இப்பவே போய் டைரக்டர்கிட்ட சொல்றேன், உன் மேல தப்பில்லைன்னு."

"அழாதீங்கக்கா," என்றான் கெர்கோ. "கம்பெனிக்காரன் பண்ணின தப்புக்கு நீங்க என்ன செய்வீங்க? வாங்க பாஸ், கேஸ் முடிஞ்சுது. லாங்கோஷ் கடை திறந்திருக்கான்னு பார்க்கலாம்."

முடிந்துதான் விட்டது. கட்சிக்காரன் தப்பித்துவிட்டான். குற்றவாளி ஒரு காலண்டர். வில்மாவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. செருப்புக்குள் புகுந்த சிறுகல் மாதிரி ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மில்காரனின் சாம்பிள் எத்தனையோ நாள் இருக்க, சரியாக அந்த ஒரு நாளில் ஏன் வந்து விழ வேண்டும்? தற்செயல் என்கிற வார்த்தையைக் கேட்டாலே அவளுக்கு வயிற்றெரிச்சல். அவள் எரிச்சலோடு சால்வையை இழுத்து இறுக்கிக்கொண்டாள். கதகதப்பாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"எமெஷே, போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கேள்வி. நேத்து இந்தச் சால்வை எங்க இருந்தது?"

"வீட்ல," என்றாள் எமெஷே கண்ணைத் துடைத்தபடி.

"இங்கதான் நேத்து சட்டையைக் கழட்டற சூடாச்சே. இன்னிக்கு எதுக்குச் சால்வை?"

"டிசம்பர் மாசம். எனக்குக் குளிர் தாங்காது."

வில்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வெள்ளைக் கோட்டுக் காலருக்கு மேலே தடித்த கம்பளிச் சட்டையின் கழுத்து எட்டிப் பார்த்தது. கூடத்தில் மற்றவர்கள் எல்லோரும் திறந்த ரப்பர் செருப்பில் இருக்க, எமெஷேயின் காலில் ஆட்டுத்தோல் வைத்துத் தைத்த பூட்ஸ்.

"க்ளாரி நேனிக்கு இன்னிக்கு வேலை நாள்னு தெரியும்னு நம்பினவங்க மெல்லிசுச் சட்டையில வந்து நடுங்குறாங்க. இதோ இந்த வரிசையையெல்லாம் எழுதின கொர்னேலும் நடுங்குறார். ஹீட்டர் போன மாசம்தான் வந்தது, அதுக்கப்புறம் வர்ற முதல் வேலைச் சனிக்கிழமை இதுதான். இன்னிக்கு ஹீட்டர் எரியாதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சவங்க இந்தக் கட்டடத்துல ஒரே ஒருத்தர்தான். அவங்களுக்கு மட்டும்தான் க்ளாரி இன்னும் திருந்தலைன்னு தெரியும்."

"பாஸ்..." என்றான் கெர்கோ.

"இரு. எமெஷே, உங்களுக்குக் குளிர் தாங்காதுன்னே வெச்சுக்குவோம். உங்களுக்கு ஒரு சால்வை. இது எதுக்கு எக்ஸ்ட்ரா? இவ்வளவு பெரிய ஃபிளாஸ்க் எதுக்கு?"

எமெஷே பதில் சொல்ல வாயெடுத்தாள். ஒரு பொய் தயாராகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவள் பழக்கம் அவளை முந்திக்கொண்டது.

"பாவம், மத்தவங்களும் நடுங்குவாங்களேன்னுதான்," என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

கொர்னேல் மெல்ல எழுந்து நின்றான். "நீங்களா? நம்ம கூடத்துல எல்லாரும் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினப்போ, நீங்க ஒருத்தர்தானே எனக்கு சூப் கொண்டுவந்து கொடுத்தீங்க!"

"என் வீட்டுக்காரரோட அண்ணன் மில்லு அது," எமெஷே தரையைப் பார்த்துச் சொன்னாள். "ஈயம் வரம்புக்குக் கொஞ்சம்தான் மேலன்னு சத்தியம் பண்ணினாரு. ஒரே ஒரு தடவைன்னாரு. நான் எந்தக் கணக்கையும் மாத்தல. சரியாயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னேன், சாம்பிளை அந்தச் சனிக்கிழமை வரைக்கும் அலமாரியில வெச்சிருந்தேன். அவ்வளவுதான். பிள்ளைங்களுக்கு இப்படி ஆகும்னு நான் கனவுலகூட..."

"முதல் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கே வாயைத் திறந்திருக்கலாம்," என்றாள் வில்மா. அவளுக்குக் கோபம் பொங்கியது. கெட்டவர்களைப் பிடிப்பதில் ஒரு திருப்தி உண்டு. இதில் அந்த மண்ணாங்கட்டியும் இல்லை. "திறக்கல. இவர் வீட்டுக் கதவுல மிளகாய்த்தூளைப் பூசறவரைக்கும் பார்த்துக்கிட்டு இருந்துட்டு, சூப் வெச்சுக் கொடுத்திருக்கீங்க."

எமெஷே முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான்தான் சொன்னேனே," என்றான் கொர்னேல். "என் வரிசையில தப்பே கிடையாது."

"இருக்கு," வில்மா அவன் பக்கம் திரும்பிச் சீறினாள். "மனுஷன் கையெழுத்தே வேண்டாம்னு ஒரு வரிசை எழுதினீங்களே, அது யார் வேலை? அந்த அம்மா புகுந்து போன கதவை வெச்சுக் கொடுத்தது நீங்க. உங்களுக்கு ஜெயில் இல்லை, போங்க. பொண்ணுக்கு போன் பண்ணுங்க."

அவன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான்.

கெர்கோ கையிலிருந்த பாதிப் பொகாச்சாவைப் பார்த்தான். அதை டப்பாவில் திரும்ப வைத்து மூடினான்.

வில்மா டைரக்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, சால்வையைத் தோளிலிருந்து எடுத்தாள். குளிர் மறுபடியும் கவ்வியது. நாலாக மடித்து எமெஷேயின் மடியில் வைத்தாள்.

"வெச்சுக்கங்க. போலீஸ் ஸ்டேஷன்ல ஹீட்டர் எப்படின்னு எனக்குத் தெரியும்."